விசில் ஊதும்வரை

பழைய மாணவர் மலருக்கு 'மறக்க முடியாத ஆசிரியர்' என்று ஒரு கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். நீங்களெல்லாம் தமிழய்யாவைப் பற்றியும் கணக்கு வாத்தியாரைப் பற்றியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுவீர்கள். நன்றாக எழுதுங்கள். என்னால் மறக்க முடியாதவர் நம் டிரில் வாத்தியார். மறந்துவிடக் கூடாது என்று பாடுபட்டு நினைவில் வைத்திருக்கிறேன். வயதானால் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறார்கள். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, பல் போய்விட்டது, இடது காது பாதிதான் கேட்கிறது. கோபம் மட்டும் அன்று வைத்த இடத்திலேயே இருக்கிறது.

நம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கல்லறைத் தோட்டத்துக்கோ சுடுகாட்டுக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருக்கிற நீங்கள் சாட்சி. நான் கூட்டிச் சொன்னால் திருத்துங்கள். குறைத்துச் சொன்னாலும் திருத்துங்கள்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். டிரில் வாத்தியார் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து நம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். எகிப்தில் இருந்தேன் என்பார். அங்கே என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கஞ்சி போட்டு விறைத்த காக்கி அரைக்கால் சட்டை, சாக்பீஸ் தேய்த்து வெளுத்த கேன்வாஸ் ஷூ, கழுத்தில் பச்சைக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். காலை வெயிலில் அந்த விசில் மினுங்குவதுதான் முதலில் தெரியும், ஆள் பிறகுதான் தெரிவார். பந்தயம் என்றால் அவருக்கு ஒரே சட்டம். விசில் ஊதினால் தொடங்கு, மறுபடி ஊதினால் நிறுத்து. நடுவில் வானம் இடிந்து விழுந்தாலும் நிறுத்தக் கூடாது.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் தானே செய்து காட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நீளத் தாண்டல் என்றால் வேட்டி கட்டிய வாத்தியார்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்துத் தாண்டிக் காட்டுவார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போதே வைத்துக்கொண்டேன்.

என் அண்ணனை உங்களுக்கு நினைவிருக்கும். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பெயிலாகிப் பெயிலாகி என் வகுப்புக்கே வந்து சேர்ந்து கடைசி பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். படிப்பு ஏறவில்லை, ஆனால் அவன் உள்ளங்கை எங்கள் அப்பா கையைவிடப் பெரியது. அப்பா துறைமுகத்தில் தோணியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்குகிறவர். அக்காவை அதற்கு முந்தின வருஷம்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் சங்கு குளிக்கிறவர்.

முத்துக் குளிப்பு நம் பிள்ளைப் பிராயத்தில் நடக்கவில்லை. பெரியவர்கள் வாயால் கேட்டதுதான். நமக்குத் தெரிந்தது சங்குதான். மழை ஓய்ந்து கடல் தெளிந்ததும் வள்ளங்கள் கிளம்பும். சங்கு குவித்து வைக்கிற கிட்டங்கிப் பக்கம் சங்குச் சதை அழுகுகிற நாற்றம் மூக்கைத் துளைக்கும். அந்த நாற்றம் வந்தால் வீட்டில் சோறு வரும் என்று அர்த்தம், அதனால் நாங்கள் மூக்கைப் பொத்தியதில்லை.

கடற்கரைப் பக்கத்தில் வளராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குளிக்கிறவர் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே மூச்சு முட்டினால் கயிற்றை ஆட்டுவார்கள், மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் பிணம்தான் வரும். அதனால் அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்கா தாலி அறுக்க எந்தத் தம்பி சம்மதிப்பான்? அத்தான் அதுவரை கூலிக்கு ஆள் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தார். வருகிற குளிப் பருவத்துக்கு அண்ணன்தான் கயிறு என்று கல்யாணப் பேச்சிலேயே முடிவாகியிருந்தது. அண்ணனுக்கும் அதைத் தவிர வேறு ஆசை கிடையாது. ராத்திரி படுத்துக்கொண்டு பாயின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருப்பான்.

புரட்டாசியில் விளையாட்டு விழா. கடைசிப் பந்தயம் வடம் இழுப்பது. கடற்கரைப் பையன்கள் ஒரு பக்கம், பஜார்ப் பையன்கள் ஒரு பக்கம். எங்கள் பக்கம் கடைசி ஆளாக அண்ணன் நின்றான். பஜார்ப் பக்கம் கடைசி ஆள் மண்டிக்கடை அண்ணாச்சியின் மகன். வெல்லம் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு, சாது. வெள்ளி முலாம் பூசிய கோப்பையை வாங்கிக் கொடுத்ததே அவன் அப்பாதான். அவர் பந்தலில் முதல் நாற்காலியில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹெட்மாஸ்டர் சாமி, பாதிரியாரின் வெள்ளை அங்கியில் வியர்த்துக்கொண்டு.

நான் இழுக்கிற கட்சியில் இல்லை. என் உடம்புக்கு என்னை யார் சேர்ப்பார்கள்? மண்டிக்கடைப் பையன் நின்ற பக்கம் கயிற்றுக் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தேன். டிரில் வாத்தியார் வந்தார். "கயிறு நழுவாம இருக்கணும்டா தம்பி. பட்டாளத்துல இப்படித்தான் கட்டுவோம்" என்று சொல்லி வடத்தின் நுனியை அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அவர் போட்ட முடிச்சைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது சுருக்கு. இழுக்க இழுக்க இறுகும். எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளைகூட ஆட்டுக்குட்டிக்குச் சுருக்குப் போடாது.

"சார், அது சுருக்கு" என்றேன்.

"உக்காருடா" என்றார்.

விசில் ஊதியது. தென்னை நார் வடம் முறுக்கேறி முனகியது. நார்த் தூசியும் வியர்வையும் கலந்த அந்த வாடை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அடி அடியாகப் பின்னால் போனார்கள். பஜார்ப் பக்கம் முன்னால் நின்றவர்களுக்குக் கால் வழுக்கியது. ஒருவன் விழுந்தான், அவன் மேல் அடுத்தவன் விழுந்தான். விழுந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். மண்டிக்கடைப் பையன் மட்டும் விட முடியாது, அவனைத்தான் கட்டியிருக்கிறதே. முழு இழுப்பும் அவன் மேல் வந்தது. குப்புற விழுந்தான். சுருக்கு இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கையால் வடத்தை அடித்தான். நான் டிரில் வாத்தியாரைப் பார்த்தேன். விசில் அவர் வாயில் இருந்தது. பையனைப் பார்த்தார். கோப்பை கொடுத்தவர் உட்கார்ந்திருந்த பந்தலைப் பார்த்தார். ஊதவில்லை.

அண்ணன் கயிற்றை விட்டான்.

அவன் விட்டதும் எங்கள் ஆட்கள் நிலை தடுமாறி முன்னால் விழுந்தார்கள். பஜார்ப் பையன்கள் எழுந்து வடத்தைப் பிடித்துத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதுதான் விசில் ஊதியது. பஜார் ஜெயித்தது என்று அறிவித்தார். மண்டிக்கடைப் பையனைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். "சந்தோஷத்துல மயக்கம்" என்று டிரில் வாத்தியார் பந்தலைப் பார்த்துச் சொன்னார். அண்ணாச்சி சிரித்தார், சாமி கை தட்டினார்.

பிறகு அண்ணனைக் கோட்டுக்கு நடுவில் நிறுத்தி எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னார். "இவன் கயிற்றை விட்டவன். விசில் ஊதறதுக்கு முன்னால விட்டவன். பாத்துக்குங்க."

அவருக்கு அது ஒரு பந்தயத்துப் பேச்சு. எங்கள் கரையில் அதைவிடக் கேவலமான பேச்சு ஒன்று கிடையாது. திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அண்ணன் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்திருப்பான்.

சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பரவிவிட்டது. வலை காயப்போடுகிறவர்கள், மீன் கூடைக்காரிகள், எல்லாருக்கும் அதே பேச்சு. பஜார்க்காரனிடம் காசு வாங்கினான் என்று ஒருத்தி. கை நடுக்க வியாதி என்று இன்னொருத்தி. அப்பா தோணியிலிருந்து வந்ததும் வராததுமாக அண்ணன் கன்னத்தில் அறைந்தார்.

"கயித்துல துடிப்புத் தெரிஞ்சிச்சிப்பா. அங்கிட்டு ஆளு மூச்சு முட்டி..." என்று அண்ணன் தொடங்கினான்.

"ஊரு பூரா ஒண்ணு சொல்லுது, நீ ஒருத்தன் வேற சொல்லுதியோ?" என்று மறு கன்னத்திலும் விழுந்தது.

நான் சுருக்கைப் பற்றிச் சொன்னேன். எனக்கும் ஒன்று விழுந்தது. எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டவர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்புகிறவர். அந்தக் காலத்துக் கூலிக்காரர்கள் பலருக்கு இருந்த நோய் அது.

மறுநாள் அக்கா அழுதுகொண்டே வந்தாள். மாமியார் நடு வாசலில் நின்று பேசியிருக்கிறாள். "ஏளா, கயித்த விட்டவன் கையிலயா எம் மவன் உசிரக் குடுக்கணும்? ஒங்க வீட்டுல வேற ஆம்பள இல்லையோ? இல்லன்னா நீ அங்கனயே இருந்துக்க." வேறு ஆம்பளை என்றால் நான்தான். என் மணிக்கட்டை அக்காவே பார்த்துவிட்டு மறுபடி அழுதாள். அத்தான் எங்களைக் கேட்காமலே கூலி ஆளிடம் அந்தப் பருவத்துக்கும் பேசி வைத்துவிட்டார்.

அண்ணன் பாய் ஓரத்தைப் பிடிப்பதை நிறுத்திவிட்டான். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்ப்பான். அந்தக் கூரையைப் பார்த்த கண்ணை நானும் பார்த்தேன். அன்று முடிவு செய்தேன், டிரில் வாத்தியாரை விடுவதில்லை என்று. பன்னிரண்டோ பதின்மூன்றோ வயதுப் பையன் அப்படி முடிவு செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வயதில்தான் முடியும்.

வழி அவரே காட்டினார். நடுவில் கொஞ்ச நாள் சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், தேகப்பயிற்சிக்கும் இனி எழுத்துப் பரீட்சை உண்டு என்றார். நாம் எல்லாரும் சிரித்தோம், நினைவிருக்கிறதா? குனிந்து நிமிர்வதற்கு என்ன பரீட்சை? அவர் கரும்பலகையில் 'ஆராய்ச்சி வினா' என்று எழுதிக் கோடு போட்டார். ஆராய்ச்சி வினாவுக்கு மனப்பாடம் உதவாது என்றார். நாலு படி. என்ன நடந்தது என்று முதலில் சொல்லு. எதனால் நடந்தது என்று அடுத்துச் சொல்லு. உனக்கு எப்படித் தெரியும் என்பதற்குச் சான்று காட்டு. கடைசியில், நீ சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்லு. இந்த நாலும் இருந்தால் முழு மார்க்கு.

அவரிடம் நான் கற்றுக்கொண்ட ஒரே நல்ல விஷயம் அது. பிற்பாடு துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் அந்த நாலு படியை வைத்துத்தான் பிழைத்தேன். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் பரீட்சை. ஓட்டப் பந்தயத்தில் முதலில் வேகமாக ஓடியவன் பின்தங்குவது ஏன், உயரத் தாண்டலில் கடைசி அடி ஏன் முக்கியம் என்று சில கேள்விகள். கடைசிக் கேள்விக்குத்தான் அதிக மார்க்கு. 'நமது பள்ளியில் சமீபத்தில் நடந்த வடம் இழுக்கும் போட்டியில், வெற்றி பெறும் நிலையில் இருந்த அணி தோற்றதன் காரணங்களை ஆராய்ந்து எழுதுக.'

அதைப் படித்துவிட்டு நீங்கள் எல்லாரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தீர்கள். மறுக்காதீர்கள், நானும் பார்த்தேன். அண்ணன் கேள்வியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தான். டிரில் வாத்தியார் அவன் பக்கத்தில் போய் நின்று, "எழுதுடா, உனக்குத்தான் இது ரொம்ப சுலபம்" என்றார். ஒரு பையனைத் தன் அவமானத்தைத் தானே மைபோட்டு எழுதச் சொல்லுகிற வாத்தியாரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அண்ணன் பேனாவைத் திறந்து 'கயிற்றை விட்டேன்' என்று ஒரு வரி எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் மற்றக் கேள்விகளைத் தொடவே இல்லை. நாலு படியில் எழுதினேன். என்ன நடந்தது: ஜெயிக்கிற அணியின் கடைசி ஆள் கயிற்றை விட்டான். எதனால்: எதிர் அணியின் கடைசி ஆளைக் கட்டியிருந்தது சுருக்கு முடிச்சு, அது நெஞ்சை நெரித்தது, கயிற்றில் துடிப்பை உணர்ந்து இவன் விட்டான், விடாமல் இருந்தால் அவன் செத்திருப்பான், நிறுத்த வேண்டியவர் விசில் ஊதவில்லை. சான்று: எதிர் அணியின் கடைசி ஆள் சட்டையைக் கழற்றினால் தழும்பு தெரியும்.

நாலாவது படியை ஆசை ஆசையாக எழுதினேன். நான் எழுதியது ஏறக்குறைய இதுதான். 'சோதனை: அதே வடம், அதே முடிச்சு, அதே ஆட்கள். எதிர் அணியின் கடைசி ஆள் இடத்தில் சார் அவர்களே நிற்கலாம். மறுபடி சார் விசில் ஊதும்வரை யாரும் கயிற்றை விடக் கூடாது. ஆனால் சாருக்குப் பயமாக இருந்தால் இந்தச் சோதனை தேவையில்லை.'

அந்தக் கடைசி வரிதான் தூண்டில். மீன் எது என்று எனக்குத் தெரியும்.

விடைத்தாள் கொடுக்கிற நாள் வந்தது. முந்தின நாளே அத்தானிடம் போய், "நாளைக்குக் காலைல ஸ்கூலுக்கு வரணுமாம் அத்தான், அண்ணன் வெசயமா சாமி பேசணும்னு சொன்னாவ" என்று ஒரு பொய் சொன்னேன். சாமி பெயரில் பொய் சொன்னதை மாதா கோவில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அந்தக் கணக்கு முடிந்தது.

டிரில் வாத்தியார் என் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார். வகுப்பைச் சிரிக்கவைத்துக்கொண்டே படித்தார். "ஒரு பெரிய மேதாவி நம்ம நடுவுல இருக்கார்" என்று தொடங்கி, சுருக்கு வந்த இடத்தில் குரலை உயர்த்தி, தழும்பு வந்த இடத்தில் ஒரு நொடி நின்றார். மண்டிக்கடைப் பையன் தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்துவிட்டு வகுப்பில் சிரிப்பு நின்றது. கடைசி வரியைப் படித்தபோது அவர் காது சிவந்தது.

"பயமா? எனக்கா? பட்டாளத்துக்காரனுக்கா? எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்கடா."

எனக்குச் சுழியம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அதே வடத்தை எடுத்து வந்தார்கள். அதே ஆட்கள் அதே இடத்தில் நின்றார்கள். மண்டிக்கடைப் பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர் தன் இடுப்பில் தானே அந்த முடிச்சைப் போட்டுக்கொண்டார். என்னை எங்கள் பக்கம் முதல் ஆளாக நிறுத்தினார். "நல்லா இழு மேதாவி. நான் மறுபடி விசில் ஊதற வரைக்கும் ஒருத்தனும் விடக் கூடாது. விட்டவன் முதுகுத் தோல உரிச்சிடுவேன்." மதிலுக்கு அந்தப் பக்கம் பூவரச மரத்தடியில் அத்தான் வந்து நின்றுவிட்டார். நான் பார்த்துக்கொண்டேன்.

விசில் ஊதியது. நான் இழுத்தேன். என் வாழ்நாளில் எதையும் அப்படி இழுத்ததில்லை. சிறிது நேரத்தில் பஜார்ப் பையன்களுக்குக் கால் வழுக்கியது. ஒருவர் பின் ஒருவராக வரிசையாக விழுந்தார்கள். அன்று மழையில்லை, மண் காய்ந்து கிடந்தது. எப்படி வழுக்கியது என்று இத்தனை வருஷமாகியும் அவர்களில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மிச்சமிருக்கிறவர்கள் இப்போதாவது சொல்லலாம். அவருடைய பிரம்பு பஜாருக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று பார்த்து விழுந்ததில்லையே.

முன்னால் மறைக்க ஆள் இல்லாததால் அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. முழங்கால் மடங்கியது. விழுந்தார். சுருக்கு நெஞ்சுக்கு ஏறியது. கை கழுத்துக்குப் போய் விசிலைத் தேடி எடுத்து வாயில் வைத்தது. கன்னம் உப்பியது. விசிலுக்கு மூச்சு வேண்டும். மூச்சுத்தான் அவரிடம் இல்லை. கண் பிதுங்கியது. என் கண்ணையே பார்த்தார்.

விசில் ஊதவில்லை. சட்டப்படி நான் இழுத்துக்கொண்டிருந்தேன். நாம் எல்லாரும் இழுத்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று பின்னால் பிடி விட்டு வடம் முன்னால் ஓடியது. நான் முகம் குப்புற மண்ணில் விழுந்தேன். வாயெல்லாம் மண். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணன் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். அவன்தான் விட்டான். இரண்டாம் முறையும் அவன்தான் முதலில் விட்டான். டிரில் வாத்தியார் பக்கத்தில் மண்டியிட்டு, இறுகிக் கடித்த முடிச்சுக்குள் அந்தப் பெரிய விரலை நுழைத்து நெம்பித் தளர்த்தினான். "மூச்ச விடுங்க சார், மெல்ல விடுங்க, ஒண்ணுமில்ல" என்று மாட்டைத் தேற்றுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் இழுத்து வாங்கிய முதல் மூச்சு ஊளைபோல் கேட்டது. எனக்கு அது இனித்தது. இப்போதும் இனிக்கிறது.

அத்தான் மதிலைத் தாண்டிக் குதித்து வந்துவிட்டார். வாத்தியாரின் நெஞ்சில் நார் பதிந்த சிவப்புக் கோட்டைக் குனிந்து பார்த்தார். யாரும் கேட்காமலே மண்டிக்கடைப் பையன் முன்னால் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினான். அதே கோடு, கறுத்துப்போய் இருந்தது. வெல்லம் சாப்பிட்டு வளர்ந்தவன், சாது என்றேன் அல்லவா? அன்று அவனுக்கு நான் என் மனதுக்குள் பாதி மன்னிப்புக் கொடுத்தேன். மீதிப் பாதியைக் கோப்பையைத் திருப்பித் தந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

"அன்னைக்கும் இதானா மாப்ள?" என்று அத்தான் அண்ணனிடம் கேட்டார்.

"ஆமா அத்தான்."

"ஏன்லே சொல்லல?"

"சொன்னேன். யாருங் கேக்கல."

அத்தான் வடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கீழ கெடக்கவன் உசிரு மேல இருக்கவனுக்குத் தெரியணும். தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு அண்ணன் தோளில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "கிறிஸ்மஸ் கழிச்சிக் கடலுக்குப் போறோம். கயித்துக்கு நீ வா. எங்க அம்மைட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அண்ணன் அழுதான். நான் அழவில்லை. என் காலுக்கடியில் ஏதோ உறுத்தியது. பச்சைக் கயிறு அறுந்து விழுந்த விசில். அதன்மேல் காலை அழுத்தி வைத்துக்கொண்டேன். எல்லாரும் வாத்தியாருக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடியபோது எடுத்து இடுப்பில் செருகினேன்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் சாமி விசாரித்தார். டிரில் வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: விழாவன்றும் நான் ஊதினேன் சாமி, உள்ளே இருக்கிற மணி சிக்கிக்கொண்டு சத்தம் வரவில்லை, இன்றும் அதேதான், பழுதான விசில், தூக்கி எறிந்துவிட்டேன். விழாவன்று பந்தயம் முடிந்ததும் அதே விசில் ஊதியதைத் தன் காதால் கேட்ட சாமி அதை நம்பினார். "கருவியின் கோளாறு. யாரும் பொறுப்பில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். கோப்பை பஜாருக்கே என்றார். ஆசிரியரை மரியாதையில்லாமல் எழுதியதற்கு எனக்குப் பிரம்படி கொடுத்தார். என் இடுப்பில் அந்த விசில் இருந்தது. எடுத்து ஒரு ஊது ஊதியிருந்தால் போதும். எனக்கும் திருட்டுப் பட்டம் வந்திருக்கும் என்பது ஒரு காரணம். அவ்வளவு சுலபமாக அவரை அன்றோடு முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை என்பது இன்னொரு காரணம்.

அன்று இருட்டுகிற நேரம் கடற்கரைக்குப் போய் ஊதிப் பார்த்தேன். வலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுத் தெரு முனையில் அவ்வப்போது நான் நிற்பதுண்டு. அவர் கடைக்கோ கோவிலுக்கோ கிளம்புவார். சந்து முடுக்குக்குள் நின்று ஒரே ஒரு ஊது. அப்படியே நின்றுவிடுவார், கை நெஞ்சுக்குப் போகும். பிறகு சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அவர் மாற்றலாகிப் போகும்வரை இதைச் செய்தேன். அண்ணன் கண்டுபிடித்து, "பாவம்லே அவரு, அத கடல்ல எறி" என்றான். எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். வெகு வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தபோது அண்ணன் பஸ் ஏறிப் போய் ஒரு மாலை போட்டுவிட்டு வந்தான். நான் அன்று ஆபீசுக்குப் போய் வழக்கம்போல வேலை பார்த்தேன்.

அண்ணன் அத்தானுக்குக் கயிறு பிடித்தான், அத்தானின் தலை நரைக்கிற வரைக்கும். ஒவ்வொரு முறையும் அத்தான் மேலே வந்தார். கடைசியில் வீட்டுக் கட்டிலில், அக்கா கையால் கஞ்சி குடித்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். அக்காவின் மாமியார் சாகும்வரை அண்ணனைக் 'கயித்துக்காரன்' என்றுதான் கூப்பிட்டாள். முன்பு சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அண்ணன் போன வருஷம் போய்விட்டான். இனி ஒளிக்க ஆள் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்த விசில் என் மேஜையில் இருக்கிறது. பித்தளை பச்சை பூத்துவிட்டது. சற்று முன் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி ஊதிப் பார்த்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

விழா அன்றைக்கும் ஊதியிருக்கும்.